இடப்பக்கத்துச் சின்ன மேடு

அவளுக்கும் நாற்காலிக்கும் ஒத்துவராது. எங்கள் அறையில் அவளுக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் கணினியும் இருந்தன. நாற்காலியில் எப்போதும் அவளுடைய தோள்பைதான் உட்கார்ந்திருக்கும். நின்றபடியே தட்டச்சு செய்வாள். கணக்கு ஓடத் தொடங்கியதும் அவளும் நடக்கத் தொடங்குவாள். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். கணக்கு முடிய ஒரு மணி நேரமானால் அந்த ஒரு மணி நேரமும் நடப்பாள்.

"கொஞ்சம் உட்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்பேன்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்பாள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கல்லூரி. இயற்பியல் துறையின் மாடியில் ஓர் அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் நாங்கள் இரண்டு பேர், எங்களுக்கு மேலே துறைத்தலைவர். தொலைநோக்கி எதுவும் எங்களிடம் கிடையாது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்து, மிகத் தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்களைத் தேடுவதுதான் வேலை. நாங்கள் அவற்றை கேலக்ஸி என்றே சொல்லிவந்தோம்.

நான் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவேன். அவள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அவளுடைய அம்மா ஊரார் வயலில் நடவு நட்டவர். பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து இவளைப் படிக்கவைத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபமில்லாதபோது "ஊரப்பாக்கம்". கோபம் வந்தால் வெறும் "டா".

எந்தக் கேள்விக்கும் அவள் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொன்னதில்லை. எதிலிருந்து எதுவரை என்றுதான் சொல்வாள். ஒருமுறை செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் அவளிடம் வந்து, மாமல்லபுரம் பஸ் எப்போது வரும் என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷத்துலேந்து நாப்பது நிமிஷத்துக்குள்ள வரும்யா. அத்த வுட்டீங்கன்னா ஒன்னரை மணி நேரம் கூட ஆவும்."

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

"பதினஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. பையை ஒரு தூணருகே வைத்துவிட்டு எதிர்ப்புறம் டீ குடிக்கப் போனார்.

"பதினஞ்சுன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"சும்மா ஒரு குத்துமதிப்புதான்."

"அப்ப குத்துமதிப்புன்னு சொல்லணும். பாரு, அத்த நம்பி டீ குடிக்கப் போயிட்டாரு."

ஆறாவது நிமிடம் பஸ் வந்தது. அவள் பெரியவருடைய பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்து ஓடினாள். நான் பஸ்ஸின் முன்னால் நின்று கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஏறி உட்கார்ந்து எனக்குத்தான் நன்றி சொன்னார். அவளுக்குச் சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களையும் அவள் இப்படித்தான் அனுப்பிவைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாயா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். "வுடமாட்டேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா பத்துல ஒரு பங்கு வுட்டாலும் வுடுவேன்" என்றாளாம். அதை அவளே சிரிக்காமல் என்னிடம் சொன்னாள். ஏன் சம்பந்தம் முறிந்தது என்று அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

எங்கள் தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால், தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் இழுபட்டுச் சிவந்துவிடுகிறது. எவ்வளவு தூரமோ அவ்வளவு சிவப்பு. அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்தால் தூரம் துல்லியமாகத் தெரியும். ஆனால் அதற்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றில் நேரம் கிடைக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். ஏழெட்டு நிறங்களில் எடுத்த படங்களில் அந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பார்த்துக் கணினியைக் கொண்டு தூரத்தை ஊகிப்பது. பெரும்பாலும் பலிக்கும். தூசி மண்டிய கேலக்ஸிகளில்தான் வம்பு. தூசியும் ஒளியைச் சிவக்கவைக்கும்.

"செவப்பா கீதுன்னா தூரமாவும் இருக்கலாம், தூசியாவும் இருக்கலாம், ரெண்டும் கலந்தும் இருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும், பாவம்" என்பாள்.

கணினி ஒரு வளைகோடு போட்டுக் காட்டும். எந்தத் தூரத்துக்கு வாய்ப்பு அதிகமோ அங்கே கோடு மேடாக எழும்பும். தூசி கேலக்ஸி என்றால் பெரும்பாலும் இரண்டு மேடு வரும். வலப்பக்கம், வெகு தொலைவில் ஒரு பெரிய மேடு. இடப்பக்கம், கிட்டத்தில் ஒரு சின்ன மேடு. எல்லோருடைய கண்ணும் பெரிய மேட்டுக்குப் போகும். அவள் கண் மட்டும் சின்ன மேட்டில் போய் நிற்கும்.

ஒரு கோடைகாலம் முழுவதும் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. ஏற்கெனவே நிறமாலை எடுத்து, தூரம் உறுதியாகத் தெரிந்த தூசி கேலக்ஸிகளாகப் பொறுக்கினாள். விடையை மறைத்துவிட்டு எங்கள் கணினியை ஊகிக்கவிட்டாள். நாங்கள் சொல்லும் வரம்புக்குள் உண்மை இருந்தால் பச்சைக் கோடு, வெளியே இருந்தால் சிவப்புக் கோடு என்று சார்ட் தாளில் போட்டுச் சுவரில் ஒட்டினாள். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய சரிபாதியாக வந்தன. அதைவிட மோசம், கணினி எங்கே அடித்துச் சொன்னதோ அங்கேதான் சிவப்பு அதிகம்.

துறைத்தலைவர் வந்து பார்த்தார். "இதை ஏம்மா சுவத்துல ஒட்டியிருக்க? வெளியாளுங்க வர்ற எடம்."

"வர்றவங்க பாக்கணும்னுதான் சார்."

அவர் போய்விட்டார். அவள் ஜன்னலோரம் போய் நின்று, "நம்ம வரம்பு பத்தாது. இன்னும் அகலமா போடணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எதையுமே உறுதியாகச் சொல்லமுடியாது என்று நிரூபிப்பதற்காக ஒரு கோடையைச் செலவழித்தவளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தேன். என் ஒப்பந்தம் அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. வெளிநாட்டு வேலைகளுக்கு எழுதிப்போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் வரவில்லை. நெஞ்சு நிமிர்த்தி அடித்துச் சொல்லும்படியாக எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அது அந்த ஐப்பசியில் கிடைத்தது. படங்களில் நான்தான் அதை முதலில் கண்டேன். மற்ற நிறங்களில் ஒன்றுமே இல்லாமல், கடைசி இரண்டு சிவப்புப் படங்களில் மட்டும் மங்கலாக ஒரு பொட்டு. அவள் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தாள். பெரிய மேட்டை நம்பினால், செவலையின் ஒளி கிளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு ஆகிறது. பிரபஞ்சம் பிறந்த புதிதிலேயே அத்தனை தூசி எங்கிருந்து வந்தது என்று உலகமே கேட்கும். சின்ன மேட்டை நம்பினால், ஆயிரம் கோடிச் சொச்சம். அப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கின்றன; யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"சின்னது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அஞ்சுல ஒரு பங்கு. கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சர்வதேச மாநாடு ஒன்று நடக்கவிருந்தது. கணக்கெல்லாம் அவளுடையது என்பதால், பேசுவதற்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தோம்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு அவளுடைய அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப்போனது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள். நானும் துணைக்குப் போனேன். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே அழைத்தார். கணையத்தில் கட்டி, பரவியிருக்கிறது என்றார். "ஒரு ஆறு மாசம்னு வெச்சுக்குங்க."

அவள் அழவில்லை. "ஆறுன்னா எதுலேந்து எது வரைக்கும் டாக்டர்?" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லமுடியாதும்மா. சராசரியா சொல்றோம்."

"நீங்க பாத்தவங்கள்ல ரொம்ப சீக்கிரம் போனவங்க எவ்ளோ நாள்ல போனாங்க? ரொம்ப நாள் இருந்தவங்க எவ்ளோ நாள் இருந்தாங்க?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, நிதானமாக யோசித்துச் சொன்னார். "மூணு வாரத்துல போனவங்களும் உண்டு. ரெண்டு வருஷம் நடமாடினவங்களும் உண்டு. ஆனா அவங்க கம்மி."

"இதான் டாக்டர் எனுக்கு வேணும்."

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். "இன்னாடி சொன்னாரு? உள்ள இன்னா மல்லுக்கட்டிகினு இருந்தே?"

"மூணு வாரத்துலேந்து ரெண்டு வருஷம்மா. ரெண்டு வருஷத்துக்கு சான்ஸு கம்மி."

இப்படியா போட்டு உடைப்பது என்று நினைத்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்புறம், "அப்போ உங்க அத்தைய வரச் சொல்லு" என்றார். "அவகிட்ட பேசி நாலு வருஷம் ஆவுது. மூணு வாரம்னா இப்பவே பேசிடணும்."

அத்தை அன்று சாயங்காலமே திண்டிவனத்திலிருந்து வந்துவிட்டாராம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுது, பிறகு பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து மறுபடி போட்டு, கடைசியில் சேர்ந்து சாப்பிட்டார்களாம். ஆறு மாசம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அம்மா தள்ளிப்போட்டிருப்பார் என்று இவள் சொன்னாள்.

மாநாட்டின் இரண்டாம் நாள் எங்கள் பேச்சு. அன்று காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறாள். "நீ பேசிடு. எல்லாம் ஸ்லைடுலயே கீது. ஒன்னும் மாத்தாத" என்றாள்.

ஹோட்டல் வாசலில் துறைத்தலைவர் எனக்காகக் காத்திருந்தார். "பன்னண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. ரெண்டு மேட்டையும் காட்டினா கேள்வி பூரா அங்கேயே போயிடும். தெளிவா பேசு." அவ்வளவுதான் சொன்னார். நறுக்கச் சொல்லவில்லை. நறுக்கியது நான்தான். முன்வரிசையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, அந்த வரைபடம் தொடங்கும் இடத்தை வலப்பக்கமாக நகர்த்தினேன். ஓர் எண்ணை மாற்றினால் போதும். சின்ன மேடு விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பெரிய மேடு மட்டும் நடுவில் கோபுரம் மாதிரி நின்றது. பொய்யாக ஒன்றும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேச்சு முடிந்ததும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை எழுந்தார். "இது கிட்டத்தில் இருப்பதற்கு வாய்ப்பு உண்டா?" என்று கேட்டார்.

"மிகமிகக் குறைவு" என்றேன். அது பொய்.

தேநீர் இடைவேளையில் ஐந்தாறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரவர் அட்டைகளைக் கொடுத்தார்கள். பாக்கெட்டில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. புல்வெளியைத் தாண்டி மணலில் இறங்கி எடுத்தேன். மாநாட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று போனில் முழுப் பேச்சையும் பார்த்திருக்கிறாள்.

"சின்ன மேடு எங்கடா?"

"டைம் இல்ல, பன்னண்டு நிமிஷத்துல..."

"மேடு எங்கன்னு கேட்டேன்."

"அது அஞ்சுல ஒன்னுதானே?"

"எங்கம்மா ரெண்டு வருஷம் இருக்கறதுக்குக் கூட அவ்ளோ சான்ஸு கெடையாது. அத்தயும் நறுக்கிடட்டா?"

அலை வந்து ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. "அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"ஜொரம் வுட்டுகீது. அத்த நீ இப்பக் கேக்காத." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் உலகின் கோடியில் ஒரு கேலக்ஸியைக் கண்டுபிடித்தார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, துறைத்தலைவரும் நானும் அவளும் இருக்கும் பழைய படம் ஒன்றையும் போட்டிருந்தார்கள். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனபோது, அம்மா அந்தப் பத்திரிகையை நாலு கட்டிலுக்கும் சுற்றுக்கு விட்டிருந்தார்.

"எம்பொண்ணு கண்டுபிடிச்சிகீது. ஒலகத்துலியே இதான் ரொம்ப தூரமாம்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லமா" என்றாள் அவள். "தூரமா இருக்கலாம்னுதான். கிட்டயும் இருக்கலாம்."

"கிட்டன்னா எவ்ளோ கிட்ட?"

"ஆயிரம் கோடி வருசத்துக்குக் கொஞ்சம் மேல."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடிப்பாவி, அதுவும் தூரந்தானே! இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சிய இப்டி தூக்கி வெச்சிகினு கீறீங்க?"

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே போய்த் தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தாள். அன்று பிற்பகல் மாநாட்டுக்கு வந்த எல்லோருக்கும் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போயிற்று. நேற்றுக் காட்டிய வரைபடம் முழுமையானதல்ல; முழுப் படத்தை இணைத்திருக்கிறேன்; இந்தக் கேலக்ஸி கிட்டத்திலும் இருக்கலாம். மூன்றே வரி. யார் நறுக்கினார்கள் என்று சொல்லவில்லை. என்னைத் திட்டி எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் என்னைப் பொருட்படுத்தவே இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

துறைத்தலைவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். ஒரே அறையில் மூன்று வாரம். அவள் நடப்பாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

அம்மா போய்விட்டார் என்று அத்தைதான் போன் செய்தார். சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவள் நேராக என்னிடம் வந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"முப்பத்தாறு நாள். சொன்ன வரம்புக்குள்ளதான்."

சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த வாடகை நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் அப்படி உட்கார்ந்து அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டியது அது.

கேள்வி கேட்ட பேராசிரியை அந்த மின்னஞ்சலைத்தான் பிடித்துக்கொண்டார். இரண்டு மேடு இருக்கிறது, எது உண்மை என்று பார்த்தே ஆகவேண்டும் என்று வாதாடி, ஒரு பெரிய தொலைநோக்கியில் நேரம் வாங்கினார். என் கோபுரத்தை மட்டும் நம்பியிருந்தால், சந்தேகமே இல்லாத ஒன்றைச் சோதிக்க யாரும் நேரம் கொடுத்திருக்கமாட்டார்கள். மாசியில் செவலையின் நிறமாலை வந்தது. தூரத்தைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு கோடுகள், ஊசி மாதிரி. ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுதான். பெரிய மேடுதான் உண்மை.

துறையில் லட்டு கொடுத்தார்கள். அவள் அன்று விடுப்பு. நான் பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் கடலோரம் நடந்துகொண்டிருந்தாள்.

"செவலை தூரம்தான். ஸ்பெக்ட்ரம் வந்துடுச்சு" என்றேன்.

"இன்னா சொல்ற? காட்டு, காட்டு." என் போனைப் பிடுங்கி, வெயிலுக்கு மறைவாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஐயோ, எவ்ளோ அழகா கீது பாரு! ரெண்டும் சுத்தமா நிக்குது!" அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் எதிர்பார்த்து வந்தது அது இல்லை. அதனால்தானோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"அப்போ நான் நறுக்கினது தப்பில்லதானே?"

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"செவலை அங்க கீது. அத்த நீ கொண்டுபோயி அங்க வெக்கல."

"நான் சொன்னது சரியா வந்துச்சே."

"வந்துச்சி. அன்னிக்கு அது உனுக்குத் தெரியாதே. தெரியாதத தெரிஞ்ச மாறி சொன்ன. இன்னிக்குச் சரியா போச்சின்றதால அன்னிக்குத் தெரிஞ்சிருந்ததா ஆயிடுமா?" போனை என் கையில் திணித்தாள். "இது ஒன்னு. இதே மாறி முப்பது எடுத்துப் பாரு, அப்ப தெரியும்."

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். சார்ட் தாளில் போட்ட கணக்கை ஒரு கட்டுரையாக எழுதியிருந்தாள். துறைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். தானே இணையத்தில் ஏற்றினாள். நான் உட்பட யாரும் அதைப் படிக்கவில்லை.

செவலை எனக்கு வெளிநாட்டில் வேலை வாங்கிக்கொடுத்தது. அங்கே இருந்த வருடங்களில் செவலையைப் போலவே முப்பது கேலக்ஸிகளைத் தேடிப் பட்டியல் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒற்றைத் தூரம், பக்கத்தில் ஒடுக்கமான ஒரு வரம்பு. அந்தப் பட்டியலால்தான் என் பெயர் வெளியே தெரிந்தது. திரும்பி வந்தேன். இப்போது அதே கல்லூரியில் நான்தான் துறைத்தலைவர்.

போன வருடம் புதிய தொலைநோக்கி ஒன்று அந்த முப்பதுக்கும் நிறமாலை எடுத்து முடித்தது. இருபத்தொன்று தூரத்தில் இருந்தன. ஒன்பது கிட்டத்தில். அந்த ஒன்பதில் ஒன்றை நம்பி எங்கோ ஒரு பெண் தன் முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடம் உழைத்திருந்தாள். குறை எதுவும் சொல்லாமல், மரியாதையாக எனக்கு எழுதியிருந்தாள்: அடுத்து நான் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்? பதில் எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில்தான் அவளுடைய பழைய கட்டுரையைத் தேடிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது: இம்முறையில் தேர்ந்தெடுக்கும் முப்பது தூசி கேலக்ஸிகளில் நான்கிலிருந்து ஆறுவரை கிட்டத்தில் இருக்கும்.

விசாரித்தேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அளவைக்கூடத்தில் இருக்கிறாள் என்றார்கள். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிற வேலை. ஐந்து மணி ஷிப்ட் முடிந்து ரயிலடிக்கு வருவாள் என்று தெரிந்து, சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தின் நடைமேடையில் காத்திருந்தேன். சொல்லவேண்டியதை ரயிலில் வரும்போதே மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப்பார்த்திருந்தேன்.

கம்பெனிச் சட்டை போட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அவள் மட்டும் நடைமேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, "இன்னா ஊரப்பாக்கம், எடை போட்டுட்ட?" என்றாள்.

"முப்பதுக்கும் ஸ்பெக்ட்ரம் வந்துடுச்சு" என்றேன். "ஒம்பது தப்பு."

"ஒம்பதா?"

"ஆமா. உன் கட்டுரையைப் படிச்சேன். நீ அன்னைக்கே சொன்னது..."

"நான் நாலுலேந்து ஆறுன்னு இல்ல எழுதினேன்?"

"அதான். நீ சொன்னதுதான் சரி."

"இன்னா சரி?" அவள் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆறு எங்க, ஒம்பது எங்க? வரம்ப தாண்டி எங்கியோ போயிகீதே! தூசிய நானும் கம்மியாதாண்டா போட்டுகீறேன். இத்தினி வருசமா அது சரின்னு நெனச்சிகினு இருந்திருக்கேன், பாரு."

பையிலிருந்து ஏதோ கம்பெனிப் படிவத்தை எடுத்துத் திருப்பி, தூணில் வைத்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதினாள், நடந்தாள், வந்து அடித்தாள், மறுபடி எழுதினாள்.

"நான் உன்கிட்ட ஒன்னு சொல்லணும்னு வந்தேன்" என்றேன்.

"அப்பறம் சொல்லு. அந்த ஒம்பதோட டேட்டா உன்கிட்ட கீதா?"

"மெயில்ல அனுப்பறேன்."

"இப்ப கீதா?"

இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தேன். அவள் நின்றபடியே குனிந்து திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் ஏறவேண்டிய செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. "மூணாவத பெருசு பண்ணு" என்றாள். பண்ணினேன். வண்டி கிளம்பிப் போயிற்று.